தாத்தாவுக்கு ஒரு ஊசி, பேத்திக்கு மூன்று

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். அவளுடைய பெண் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டுவிட்டு அப்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்திருக்கிறாள், கையில் தடுப்பூசி அட்டை. "அத்தை, இதுல பிசிவின்னு மூணு தடவை போட்டிருக்கே, ஒன்றரை மாசம், மூன்றரை மாசம், ஒன்பது மாசம்னு. எங்க மாமனாருக்கு நிமோனியா ஊசின்னு டாக்டர் ஒரே ஒரு ஊசிதானே போட்டாரு? ரெண்டும் ஒரே கிருமிக்குத்தானே? பெரியவருக்கு ஒண்ணு, இத்தனூண்டு குழந்தைக்கு மூணா?"

நல்ல கேள்வி. இருபது நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், பாதியில் குழந்தை அழ ஆரம்பித்தது, அவள் வைத்துவிட்டாள். மீதியை இங்கே எழுதுகிறேன், அவள் ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது போனில் படித்துக்கொள்வாள். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். இந்த ஒரு கிருமியைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது, ஏனென்றால் உடம்பு எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இதனிடமிருந்து கற்றதுதான்.

கிருமியின் பெயர் நியூமோகாக்கஸ், அட்டையில் இருக்கிற பிசிவி இதற்கான தடுப்பூசிதான். முழுப்பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. 1881-இல் பிரான்சில் பாஸ்டரும், அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் என்ற ராணுவ மருத்துவரும் ஒருவருக்கொருவர் தெரியாமலேயே இதைக் கண்டார்கள், இரண்டு பேருமே எச்சிலை முயலுக்குள் செலுத்திப் பார்த்தபோது. எச்சிலில் எப்படி வந்தது என்றால், அது அங்கேதான் குடியிருக்கிறது. நிறையக் குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கும். அங்கிருந்து காதுக்குப் போனால் சீழ், நுரையீரலுக்குப் போனால் நிமோனியா, ரத்தத்தில் இறங்கி மூளைச்சவ்வைத் தொட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிற ரத்த அகார் தட்டில் இதை வளர்த்தால் முதல் நாள் சின்னச் சின்னப் பளபளப்பான புள்ளிகளாக, சுற்றிலும் பச்சை வளையத்தோடு வரும். இரண்டாம் நாள் நடுப்பகுதி குழிந்து, ஓரம் மட்டும் மேடாக நிற்கும். நம்மூர் மாணவர்கள் இதைக் கேரம் காய் தோற்றம் என்று எழுதித்தான் மார்க் வாங்குவார்கள். ஆனால் மூன்றாம் வகை நியூமோகாக்கஸ் என்றால் கேரம் காய் கிடையாது, தண்ணீர்த் துளி சிந்தியது போலப் பெரிதாக, வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்புதான் இந்தப் பதிவின் விஷயமே.

சப்ஜா விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கறுப்பு விதை, சுற்றி ஒளி ஊடுருவும் வழுவழு உறை. மைக்ரோஸ்கோப்பில் நியூமோகாக்கஸ் அச்சு அசல் அப்படித்தான், இரண்டு இரண்டு விதையாக ஒட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒப்புமை வெறும் பார்வைக்கு மட்டுமல்ல. சப்ஜாவின் உறையும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது, இதன் உறையும் அப்படியே. வேதியியலில் பாலிசாக்கரைடு என்பார்கள். இரண்டு, மூன்று, நான்கு சர்க்கரைகள் சேர்ந்த ஒரு கண்ணி, அதே கண்ணி திரும்பத் திரும்ப நூற்றுக்கணக்கில் கோத்த சங்கிலி. எந்தச் சர்க்கரைகள், எந்த வரிசையில், எந்தக் கோணத்தில் என்பது மாறும்போது உறையின் வகை மாறுகிறது. இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் தெரியும்.

இந்த உறை கிருமிக்கு எதற்கு? வெள்ளையணுவின் வாயில் சிக்காமல் இருக்க. கிருமியைப் பிடித்து விழுங்குவதுதான் வெள்ளையணுவின் வேலை, ஆனால் உறை போட்ட நியூமோகாக்கஸ் விலாங்கு மீன் மாதிரி, பிடி கிடைக்காது. உறை உள்ள கிருமிகள் ஒரு சில போதும் ஒரு எலியைக் கொல்ல. உறையை இழந்த அதே கிருமியை லட்சக்கணக்கில் போட்டாலும் எலி சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்.

இதை மிக அழகாக நிரூபித்த ஒரு வேலை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்து மருத்துவமனையில் ஆஸ்வால்ட் ஏவரி என்று ஒருவர், நிமோனியாவே வாழ்க்கை என்று இருந்தவர். அவரிடம் ரெனே டூபோ என்ற மண் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் வந்து சேர்ந்தார். டூபோ யோசித்த விதத்தைக் கவனியுங்கள்: இந்தச் சர்க்கரை உறை உலகத்தில் எங்கேயும் குவிந்து கிடக்கவில்லை, அப்படியானால் இதைத் தின்று தீர்க்கிற ஏதோ ஒன்று மண்ணில் இருந்தே ஆக வேண்டும். நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரி விளைகிற சதுப்பு நிலத்து மண்ணை எடுத்து, மூன்றாம் வகை உறைச் சர்க்கரையை மட்டும் அதற்கு ஆகாரமாகக் கொடுத்துவந்தார். அதைத் தின்று பிழைக்கிற ஒரு பாக்டீரியா கிடைத்தது, அதிலிருந்து உறையை அரிக்கிற நொதியைப் பிரித்தார். மூன்றாம் வகை நியூமோகாக்கஸ் செலுத்தப்பட்டுச் சாக வேண்டிய எலிகளுக்கு அந்த நொதியைக் கொடுத்தார்கள், எலிகள் பிழைத்துக்கொண்டன. நொதி கிருமியைக் கொல்லவே இல்லை. போர்வையை மட்டும் உருவிவிட்டது, மற்றதை வெள்ளையணுக்கள் பார்த்துக்கொண்டன. வருடம் 1930, பெனிசிலின் மருந்தாக வருவதற்குப் பத்து வருடம் முன்னால்.

சரி, நம் உடம்பில் கிரான்பெர்ரி மண் கிடையாது. நமக்கு இருப்பது ஆன்டிபாடி, தமிழ்ப் பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள். இங்கேதான் நிறைய பேர் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. "ஆன்டிபாடி இருக்கா இல்லையா" என்பது மட்டும் கேள்வியே இல்லை, அது கிருமியின் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்பதுதான் கேள்வி. நியூமோகாக்கஸின் உறைக்கு அடியில் செல்சுவர் இருக்கிறது, அதிலும் ஒரு சர்க்கரை, அதற்குப் பெயர் சி-பாலிசாக்கரைடு, எல்லா வகைகளுக்கும் பொதுவானது. அதற்கு எதிரான ஆன்டிபாடி அநேகமாக நம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. பொதுவானதாயிற்றே, அது ஒன்றே எல்லா வகைகளிடமிருந்தும் காப்பாற்றுமே என்றுதான் தோன்றும். ஆனால் மனிதருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஏனென்றால் அது ஒட்டுவது உறைக்கு உள்ளே. வெள்ளையணுவின் கைக்கு அது எட்டாது. போர்வைக்குள் இருக்கிற சட்டையைப் பிடித்து இழுக்க முடியுமா? உறையின் மேலேயே ஒட்டுகிற ஆன்டிபாடிதான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களையும் அங்கேயே இழுத்துச் சேர்க்கும், வெள்ளையணுவுக்கு ஒரு பிடி கிடைக்கும். முதல் வகை உறைக்கான ஆன்டிபாடி மூன்றாம் வகைக் கிருமியை ஏறெடுத்தும் பார்க்காது. ஒவ்வொரு வகைக்கும் அதனதன் ஆன்டிபாடி வேண்டும்.

அந்த சி-பாலிசாக்கரைடு பற்றி ஒரு கிளைக்கதை. 1930-இல் அதே ராக்ஃபெல்லரில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இந்தச் சர்க்கரையோடு சேர்ந்து படிகிற ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்தார்கள். நோய் முற்றும்போது இருக்கிறது, குணமானால் மறைந்துவிடுகிறது. அதற்கு சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர் வந்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ரிப்போர்ட்டில் பார்த்துப் பயந்தோமே, சிஆர்பி, அதேதான். அந்த 'சி' என்பது நியூமோகாக்கஸின் செல்சுவர்ச் சர்க்கரை.

அப்புறம் ஏவரி. நோயாளியின் ரத்தத்திலும் சிறுநீரிலும்கூட கிருமியின் வகையைச் சொல்லக்கூடிய ஒரு பொருள் கரைந்து வருவதை அவரும் டோக்கெஸும் 1917-இல் காட்டினார்கள். அது என்ன பொருள் என்று தெரியாது. புரதம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், உடம்பு ஆன்டிபாடி செய்வது புரதத்துக்கு மட்டும்தான் என்பது அன்றைய நம்பிக்கை. மைக்கேல் ஹைடல்பெர்கர் என்ற வேதியியலாளர் ஏவரியோடு சேர்ந்து அதைச் சுத்தம் செய்துகொண்டே போனார். சுத்தமாக ஆக ஆகப் புரதம் குறைந்தது, நைட்ரஜன் குறைந்தது, ஆனால் ஆன்டிபாடியோடு சேர்கிற வீரியம் மட்டும் குறையவே இல்லை. கடைசியில் கையில் நின்றது சர்க்கரை. 1923-இல் அதை வெளியிட்டபோது நம்பாதவர்களே அதிகம், ஏதோ புரத அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

இந்தச் சர்க்கரைக்கு ஆன்டிபாடி ஒட்டுகிறது என்பது வேறு, இந்தச் சர்க்கரையைக் கொடுத்தால் உடம்பு ஆன்டிபாடி தயாரிக்குமா என்பது வேறு. என் அண்ணன் மகளின் கேள்விக்கு விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. முயலுக்குச் சுத்தமான சர்க்கரையைச் செலுத்திப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. ஏவரியும் கோபெலும் மூன்றாம் வகைச் சர்க்கரையை வேதிமுறையில் குதிரை ரத்தத்துப் புரதத்தோடு கட்டிச் செலுத்தினார்கள். முயல் ஆன்டிபாடி செய்தது, அதுவும் அந்தச் சர்க்கரைக்கு. 1931-இல் அச்சில் வந்துவிட்டது. கசப்பு மருந்தை வெல்லத்துக்குள் வைத்துக் கொடுப்போம், இங்கே சர்க்கரையைப் புரதத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மனிதப் பெரியவர்கள் முயல் மாதிரி அல்ல, வெறும் சர்க்கரைக்கே ஆன்டிபாடி செய்வார்கள். அது தெரிந்ததும் முயலின் பாடம் ஓரமாகப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் சவுத் டகோட்டாவின் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் ராணுவ விமானப்படையின் தொழில்நுட்பப் பள்ளி, ஒரே கூடாரமாக இளைஞர்கள், நிமோனியா தலைவிரித்தாடியது. அங்கே ஏறத்தாழ 17,000 பேரில் பாதிப் பேருக்கு நான்கு வகைச் சர்க்கரைகள் கொண்ட ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். அந்த நான்கு வகைகளால் நிமோனியா வந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 4 பேர், போடாதவர்களில் 26 பேர். அந்த 4 பேருக்கும் ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள்ளேயே வந்தது, அதாவது ஆன்டிபாடி தயாராவதற்கு முன்னால். 1945-இல் மெக்லியாட், ஹாட்ஜஸ், ஹைடல்பெர்கர், பெர்ன்ஹார்டு வெளியிட்ட இந்த முடிவைவிடத் தெளிவான ஒன்றை எதிர்பார்க்க முடியாது. ஆறு வகை கொண்ட ஊசிகள் கடைக்கும் வந்தன. வாங்க ஆளில்லை. பெனிசிலின் வந்துவிட்டது, நோய் வந்தால் அதைப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்ற தெம்பு. தயாரித்த கம்பெனி நிறுத்திக்கொண்டது.

எனக்கு இந்த இடம் படிக்கும்போதெல்லாம் மனது வலிக்கும். பெனிசிலினால் நியூமோகாக்கஸ் சாவு நின்றுவிட்டது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற மருத்துவர் புரூக்ளினில் கிங்ஸ் கவுன்டி மருத்துவமனையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். பத்து வருடக் கணக்கு, 1964-இல் வெளியிட்டார். ரத்தத்தில் கிருமி ஏறியவர்களில் முதல் ஐந்து நாட்களுக்குள் சாகிறவர்களைப் பெனிசிலின் அநேகமாகக் காப்பாற்றவே இல்லை. மருந்து கிருமியைக் கொல்கிறது, ஆனால் அதற்குள் உடம்பு உடைந்துவிடுகிறது. வந்த பிறகு விரட்டுவது போதாது, வராமலே தடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிச் சொல்லி, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் மறுபடி சோதித்து, 1977-இல் 14 வகை ஊசியும் 1983-இல் 23 வகை ஊசியும் வந்தன. உன் மாமனார் போட்டுக்கொண்டது அந்த 23 வகை ஊசிதான். அதில் இருப்பது வெறும் சர்க்கரை, ஒவ்வொரு வகையிலும் 25 மைக்ரோகிராம். (இப்போது பெரியவர்களுக்கும் புரதத்தோடு கட்டிய ஊசிகள் வந்துவிட்டன, அவருக்கு அடுத்து எது தேவை என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.)

இப்போது குழந்தைக்கு வருவோம். நியூமோகாக்கஸ் அதிகமாகக் கொல்வது இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைகளை. அந்த 23 வகை ஊசி வேலை செய்யாததும் அதே இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைகளிடம்தான்.

ஏன் என்றால், ஆன்டிபாடி செய்வது பி செல் என்ற ஒரு வகை வெள்ளையணு. அதற்கு "செய், நன்றாகச் செய், ஞாபகம் வைத்துக்கொள்" என்று உத்தரவு கொடுப்பது டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணு. டி செல்லுக்குப் புரதத் துணுக்கைக் காட்டினால்தான் புரியும், சர்க்கரை அதன் கண்ணில் படாது. பெரியவர்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு: மண்ணீரலின் ஒரு ஓரப் பகுதியில் இருக்கிற பி செல்கள், ஒரே கண்ணி திரும்பத் திரும்ப வருகிற நீண்ட சங்கிலி மேலே பட்டாலே டி செல்லைக் கேட்காமல் ஆன்டிபாடி செய்துவிடும். ஞாபகம் இருக்காது, அடுத்த ஊசியில் ஆன்டிபாடி முன்னைவிட ஏறவும் ஏறாது, ஆனால் அவசரத்துக்கு உதவும். சின்னக் குழந்தைக்கு அந்தப் பகுதி இன்னும் முதிரவில்லை. மண்ணீரலையே எடுத்துவிட்டால் பெரியவர்களுக்கும் அந்தக் குறுக்கு வழி போய்விடும், அதனால்தான் அதை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நியூமோகாக்கஸ் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். இது தெரியாமல் விட்டுவிடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு என்ன வழி? ஏவரியும் கோபெலும் முயலுக்குச் செய்ததுதான் வழி. சர்க்கரையைப் புரதத்தோடு கட்டினால், சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல் புரதத்தையும் சேர்த்தே விழுங்கும், புரதத் துணுக்கை வெளியே தூக்கிக் காட்டும், டி செல் வந்து உத்தரவு கொடுக்கும், பி செல் சர்க்கரைக்கான ஆன்டிபாடியைச் செய்யும். டி செல் உதவி கிடைத்த பி செல் ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்தடுத்த ஊசியில் ஆன்டிபாடியின் பிடிப்பும் அளவும் ஏறும். அதனால்தான் மூன்று. முதல் இரண்டு கற்றுக்கொடுக்க, ஒன்பதாம் மாதத்து ஊசி கற்றதை உரமேற்ற. தாத்தாவின் உடம்பில் வெறும் சர்க்கரையை இரண்டாம் தடவை கொடுத்தாலும் முதல் தடவையைவிடக் கூடப்போவதில்லை, பேத்திக்குக் கூடும்.

கட்டுவதற்கு இப்போது குதிரைப் புரதம் இல்லை. அதிகமாகப் பயன்படுவது சிஆர்எம்197 என்ற புரதம். தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சில் 52-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் நஞ்சுத்தன்மை முழுக்கப் போய்விட்ட ஒரு வடிவம். இந்த முறையில் முதலில் வந்தது வேறொரு உறைக் கிருமிக்கான ஹிப் தடுப்பூசி, 1987-இல். நியூமோகாக்கஸுக்கு ஏழு வகை ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2000-இல். கலிஃபோர்னியாவில் 37,868 குழந்தைகளிடம் சோதித்தார்கள், ஊசியில் இருந்த வகைகளால் வரும் ரத்த, மூளைச்சவ்வு நோய்களை 97 சதவீதம் தடுத்தது.

1931-இல் முயலுக்குத் தெரிந்த விஷயம் 2000-இல்தான் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் எழுபது வருடம். வேதியியல் கடினம்தான், பத்துப் பதின்மூன்று சர்க்கரைகளைத் தனித்தனியாகச் சுத்தம் செய்து தனித்தனியாகக் கட்டுவது லேசான வேலை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிக் காலம் "மருந்துதான் இருக்கிறதே" என்ற எண்ணத்தில் போனது என்பதும் உண்மை. அதற்குப் பிறகும் ஏழை நாடுகளின் குழந்தைகள் காத்திருந்தார்கள், விலை அப்படி. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் 2017-இல் இமாச்சலப் பிரதேசம், பீகார், உத்தரப் பிரதேசம் என்று சில இடங்களில் ஆரம்பித்து, தமிழ்நாடு உட்பட நாடு முழுக்க வந்தது 2021-இல். அதற்கு முன்னால் தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட முடிந்த குழந்தைக்கு மட்டும்தான். புனேவில் சீரம் நிறுவனம் தயாரித்த நியூமோசில் என்ற பத்து வகை ஊசி 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சான்று பெற்றது. நம் பக்கத்துக் குழந்தைகளை அதிகம் தாக்குகிற வகைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பத்து. உன் குழந்தைக்கு இலவசமாகக் கிடைத்த அந்தச் சின்னக் குப்பிக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது, அதனால்தான் போனில் என்னால் சுருக்க முடியவில்லை.

ஆய்வகத்தில் இருந்தவள் என்பதால் இதையும் சொல்லாமல் விட முடியாது: ஊசி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? எலைசா என்ற சோதனையில் ஆன்டிபாடியின் அளவைப் பார்க்கலாம். குழந்தைகள் கூட்டத்துக்கு ஒப்பிட ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம். ஆனால் முன்னே சொன்னேனே, சி-பாலிசாக்கரைடு ஆன்டிபாடி, அது எல்லோர் ரத்தத்திலும் இருப்பதால் அளவைக் கெடுத்துவிடும். அதை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அந்தப் படியைச் சரியாகச் செய்யாவிட்டால் எண் பெரிதாக வரும், பாதுகாப்பு இருக்காது. அதனால் இன்னொரு சோதனை, எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை. உயிருள்ள கிருமி, ஊசி போட்டவரின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), குட்டி முயலின் காம்ப்ளிமென்ட், வெள்ளையணுவைப் போல் நடந்துகொள்ளப் பழக்கிய செல்கள், நான்கையும் ஒரு குழியில் சேர்த்து, எத்தனை கிருமி மிஞ்சுகிறது என்று தட்டில் எண்ணுவது. சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்கவைத்த பிறகும் பாதிக் கிருமிகள் சாகின்றன என்பதுதான் விடை. வயதானவர்களிடம் எலைசா எண் நன்றாக இருந்து, இந்தச் சோதனையில் தோற்பதும் உண்டு. ஆன்டிபாடி இருக்கிறது, ஆனால் வேலைக்கு உதவவில்லை. மூன்றாம் வகை கிருமி இன்னும் ஒருபடி மேல், தன் சர்க்கரையை உதிர்த்து உதிர்த்து விடும், வருகிற ஆன்டிபாடி உதிர்ந்ததில் ஒட்டி வீணாகும். ஊசியில் அந்த வகை இருந்தாலும் பாதுகாப்பு குறைவாகவே கிடைப்பதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள்.

இன்னொரு கவலையும் உண்மையானது. ஏழு வகை ஊசி வந்த பிறகு அந்த ஏழும் அமெரிக்காவில் ஒதுங்கின, ஊசி போடாத தாத்தா பாட்டிகளுக்கும்கூட நோய் குறைந்தது, ஏனென்றால் பேரக்குழந்தையின் மூக்கில் கிருமி இல்லை. ஆனால் காலியான இடத்தில் 19ஏ என்ற வகை வந்து உட்கார்ந்தது, அதுவும் மருந்துகளுக்கு மசியாத 19ஏ. அடுத்த ஊசியில் அதைச் சேர்த்தார்கள். நம் பத்து வகை ஊசியிலும் அது உண்டு.

போனை வைக்கும் முன் அண்ணன் மகள் இன்னொன்று கேட்டாள், "என் உடம்புல இருக்கற ஆன்டிபாடி பாப்பாவுக்குப் போகாதா?" போகும், நஞ்சுக்கொடி வழியாக. சில மாதங்களில் கரைந்துவிடும், அதற்குள் குழந்தை சொந்தமாகச் செய்யக் கற்க வேண்டும், அதனால்தான் ஒன்றரை மாதத்திலேயே ஆரம்பிக்கிறோம். ஆனால் தாயின் ஆன்டிபாடியையே முழுக்க நம்பியிருக்கிற ஒரு சொந்தக்காரக் கிருமி இருக்கிறது, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இந்தப் பிரிவுகளை வகுத்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு, அவரும் ராக்ஃபெல்லர்தான், ஏவரியின் கீழ் வேலை கற்றவர். இது தாயின் பிறப்புறுப்பில் சத்தமில்லாமல் இருந்து, பிறக்கும்போது குழந்தைக்குத் தாவி, முதல் நாட்களிலேயே ரத்தத்தில் பரவும். ஆறு வாரம்வரை காத்திருந்து ஊசி போட அங்கே நேரமே இல்லை.

1976-இல் கரோல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் அமெரிக்காவில் தாய்மார்களின் சீரத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் வகை பி ஸ்ட்ரெப்டோகாக்கஸால் குழந்தை நோயுற்ற 7 தாய்மார்களிடமும் அந்த உறைக்கான ஆன்டிபாடி போதுமான அளவில் இல்லை. அதே கிருமியைச் சுமந்தும் குழந்தை நலமாக இருந்த 29 பேரில் 22 பேரிடம் இருந்தது. சின்ன எண்ணிக்கைதான், ஆனால் பிறகு வந்த எல்லா முயற்சிகளுக்கும் அதுவே அடிவாரம்.

இதிலும் அந்த "எந்த இடத்தில் ஒட்டுகிறது" கேள்வி மறுபடி வருகிறது. மூன்றாம் வகை பி ஸ்ட்ரெப்டோகாக்கஸின் உறைச் சர்க்கரையிலிருந்து சயாலிக் அமிலம் என்ற ஒரே ஒரு நுனிச் சர்க்கரையைக் கழற்றிவிட்டால், மிஞ்சுவது 14-ஆம் வகை நியூமோகாக்கஸின் உறையேதான், ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு வேறு கிருமிகள், ஒரே சங்கிலி. அப்படியானால் 14-ஆம் வகைக்கான ஆன்டிபாடி இதற்கும் உதவ வேண்டுமே? உதவாது. அந்த நுனிச் சர்க்கரை சங்கிலியின் வளைவையே மாற்றிவிடுகிறது, காப்பாற்றுகிற ஆன்டிபாடி பிடிப்பது அந்த வளைவைத்தான். போதாததற்கு சயாலிக் அமிலம் நம் சொந்த செல்களின் மேலும் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு கிருமி நம்மவர் வேஷத்தில் திரிகிறது.

அமெரிக்காவில் 1996 முதல் பிரசவ நேரத்தில் பெனிசிலின் கொடுத்து முதல் வாரத்து நோயை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு வருகிற நோயை அது தடுக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஆறு வகைச் சர்க்கரைகளைப் புரதத்தோடு கட்டிய ஊசி ஒன்றைத் தென்னாப்பிரிக்காவில் சோதித்த முடிவுகள் 2023-இல் வந்தன, தாய் செய்த ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. இதற்கும் எழுபது வருடம் ஆகக்கூடாது என்று நான் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இதை எழுதி முடிக்கும்போது அவளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. குழந்தைக்கு ராத்திரி லேசாக உடம்பு சுட்டதாம், நர்சம்மா கொடுத்த பாரசிட்டமால் சொட்டு கொடுத்ததும் தூங்கிவிட்டாளாம், தொடையில் ஊசி போட்ட இடம் மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறதாம். மூன்றரை மாதத்து ஊசித் தேதியை அட்டையில் வட்டம் போட்டு எனக்கும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், முதல் நாளே ஞாபகப்படுத்தச் சொல்லி.